வளையத்தில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுச் சந்தனத்தைப் பற்றி முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என் வீட்டுக்காரர் ஃபோனை என் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டும்வரை நானும் நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் மின்துறையில் வேலை பார்த்தவர். காலம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்து மீட்டரில் சின்னச் சின்ன எண்களைப் படித்த மனிதர். ஓய்வு பெற்று ரெட்டியார்பாளையம் வீட்டில் உட்கார்ந்ததும் படிக்க எண் இல்லாமல் தவித்துப் போனார். எங்கள் வீட்டு மீட்டரையே காலையிலும் சாயங்காலமும் படித்தார். நான் மிக்சி போட்டால் எழுந்து ஓடிப் போய்ப் பார்ப்பார். இப்படியே போனால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி சந்தையில் பழைய பூட்டும் ஓடாத கடிகாரமும் விற்கிறவரிடம் துருப்பிடித்த பதக்கம் ஒன்றை வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்து வாங்கினாராம். பின்பக்கம் ஊசிக்குக் கீழே கடுகளவில் ஒரு எண் இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி முகம் மலர்ந்தது மனிதருக்கு.

அந்த எண்ணைப் படம் பிடித்து இணையத்தில் எங்கோ கேட்டிருக்கிறார். அது ஜெர்மன் பதக்கம் என்று பதில் வந்தது. இதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களின் முதுகைப் பார்த்து, எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்வதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை உண்டாம். எண்ணாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், குட்டிப் படமாகவும் இருக்கலாம். ஊசிக்கு அடியிலோ தொங்கவிடும் வளையத்தின் ஓரத்திலோ அடித்திருப்பார்கள். முத்திரை பொருந்தினால் அசல், பொருந்தாவிட்டால் போலி. அந்தப் பதக்கத்தை எவன் வாங்கினான், வாங்கும்போது அவனுக்குக் கை இருந்ததா கால் இருந்ததா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். அவர்களுடைய முதல் கட்டளை, பதக்கத்தைத் துடைக்கவே கூடாது என்பது. அழுக்கும் சரித்திரமாம். இந்தக் கட்டளையை இவர் என்னிடம் சொன்ன அன்று, அலமாரி மேல் இருந்த சரித்திரத்தை நான் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் திருப்பிப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. காபி டம்ளரைக் காபியோடு தூக்கி அடியைப் பார்ப்பார். ஒரு கல்யாண வரவேற்பில், மேசை மேல் இருந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பின் அடியில் என்ன முத்திரை என்று கவிழ்த்துப் பார்த்தார். பன்னீர் அத்தனையும் பெண்ணுடைய பெரியம்மா மடியில் கொட்டியது. சாப்பிடாமல் கிளம்பி வந்தோம்.

இவருக்கு ஒரு அக்கா. எனக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியது, அப்புறம் அவர் புருஷனும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. குருசுக்குப்பத்தில் பிறந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றார். உண்மையைச் சொன்னால், வரமாட்டேன் என்றதில் எனக்கு நிம்மதிதான். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் என்ன சமைத்தாலும், என்ன உடுத்தினாலும், பிள்ளை பெற்றபோதும்கூட, 'பரவால்ல' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இவர்களுடைய தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முதல் உலகப் போருக்குக் கப்பலேறிப் போய், பனியில் கால் விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தவர். அண்ணி வீட்டில் அவருடைய படம் உடுப்போடு மாட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு பதக்கம். கறுப்புச் சிலுவை, ஓரத்தில் வெள்ளிக் கரை, மேல்கையில் கிரீடம், கீழ்க்கையில் 1914. தாத்தாவின் வீரத்தைப் பார்த்து பிரான்ஸ் தேசத்து அதிபரே தன் கையால் அவர் மார்பில் குத்தியது என்பது அண்ணி சொல்லும் கதை.

ஆயுத பூஜை வந்தால் அரிவாள்மனை, தையல் மிஷின், சுத்தியல் இவற்றோடு அந்தப் பதக்கமும் பூஜைக்கு வரும். அண்ணி சிலுவையைப் புளி போட்டுத் தேய்ப்பார். வளையத்தைத் தேய்க்க மாட்டார். சந்தனம் குங்குமத்தையும் நடுவில் வைக்காமல் மேலே வளையத்தில் அப்புவார். பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். ஏன் அண்ணி என்று ஒருமுறை கேட்டதற்கு, "எங்கப்பா அப்டித்தான் வெப்பாரு" என்றார். மேற்கொண்டு கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

முதல் உலகப் போர் முடிந்த நாள் என்று நவம்பர் பதினொன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மரியாதை நடக்கும். பட்டாளத்துக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. வருஷம் முழுக்க ரேஷன் கடை வரிசையில் "ஏ கெழவி, தள்ளி நில்லு" என்று பேச்சு வாங்குகிற அண்ணி, அன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பதக்கத்தை மாராப்பில் ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்காருவார். கோட்டு போட்ட ஒருவர் குனிந்து கை கொடுத்து, பிரெஞ்சில் வணக்கம் வைத்து "போன்ழூர், மதாம்" என்பார். அந்த ஒரு மதாமை வைத்துக்கொண்டு அண்ணி அடுத்த நவம்பர்வரை ஓட்டிவிடுவார். அவருக்கென்று உலகத்தில் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

போன வருஷம் அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது. விழா நடத்துகிறவர்களிடமிருந்து ஒருவர் வந்து, பாரீசிலிருந்து விஷயம் தெரிந்த ஒரு துரை வருகிறார், எல்லோருடைய பதக்கத்தையும் முன்னும் பின்னும் படம் பிடித்துப் பரிசோதிப்பார், அசல் பதக்கம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இனிமேல் முன்வரிசை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பதக்கத்தோடும் பொரியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டேய் தம்பி, நீதான் பதக்கத்துக்கு டாக்டராச்சே. அந்த தொரை வர்றதுக்குள்ள பாத்து சரி பண்ணி வை" என்றார்.

இவர் பதக்கத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனால் இந்த வியாதி வந்த பிறகு, பூதக்கண்ணாடியோடு பார்த்ததில்லை. வாசல் வெளிச்சத்தில் நின்று முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். முகம் வெளுத்தது.

"அக்கா, இது பிரான்ஸ் குடுத்தது இல்ல. இது ஜெர்மன்காரன் பதக்கம். இந்தக் கிரீடம் ஜெர்மன் ராஜாவோடது."

"ஏன், பிரான்ஸ்ல ராஜா இல்லியா?"

"ராஜாவ ஒழிச்சிக் கட்டனதுக்குத்தான்கா நம்ம ஊர்ல ஜூலை பதினாலு கொண்டாடறோம். அவன் பதக்கத்துல எப்டி கிரீடம் போடுவான்?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றுகொண்டேன். இந்தச் சிலுவை ஜெர்மன்காரனுடையது என்றால், பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே, பிரெஞ்சு தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, எதிரியின் பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு வருஷா வருஷம் மரியாதை வாங்கியிருக்கிறார் அண்ணி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி ஒரு பிடி பொரியை வாயில் போட்டு மென்றார். மென்று முடிப்பதற்குள் சரித்திரத்தை மாற்றி எழுதிவிட்டார்.

"அப்டின்னா ஜெர்மன்காரன அடிச்சிப் போட்டு அவன் சட்டையிலருந்து புடுங்கினு வந்திருக்காரு. சும்மா குடுத்தத விட இது ஒசத்தியாச்சே!"

வந்ததைவிடச் சந்தோஷமாகத் திரும்பிப் போனார். பதக்கம் எங்களிடம் தங்கியது.

இவர் அதைப் படம் பிடித்துத் தன் கூட்டத்துக்கு அனுப்பினார். அங்கேதான் சந்தனச் சண்டை ஆரம்பமானது. வளையத்தில் இருக்கும் மஞ்சள் பூச்சு என்ன என்று ஒருவர் கேட்டார். வெப்ப நாடுகளுக்குப் போகிற படைக்காக ஜெர்மன் பட்டறைகள் போட்ட விசேஷ மேல்பூச்சு, அபூர்வத்திலும் அபூர்வம் என்று ஒருவர் எழுதினார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று இன்னொருவர் குதித்தார். அதன் மேல் இருக்கும் சிவப்புப் புள்ளி, கிடங்கில் தரம் பார்த்த அதிகாரி வைத்தது என்று மூன்றாமவர் தீர்ப்பு சொன்னார்.

"ஏங்க, அது குங்குமம்னு சொல்லுங்க" என்றேன்.

"இரு, அவங்க பெரிய ஆளுங்க. என்னதான் சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார்.

ஒரு வாரம் பார்த்தேன். என் வீட்டுக் குங்குமத்தை ஜெர்மன் அதிகாரி வைத்தான் என்று தினமும் காலையில் படித்துக் காட்டினால் யாருக்குப் பொறுக்கும்? ஒரு நாள் இவர் கடைக்குப் போன நேரத்தில் பதக்கத்தை எடுத்து, வளையத்தை வெந்நீரில் ஊற வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பரக்பரக்கென்று தேய்த்துவிட்டேன். அந்தக் குடும்பத்துச் சந்தனம் மொத்தமும் கரைந்து சாக்கடைக்குப் போயிற்று. இவர் வந்து பார்த்துவிட்டு அழாத குறை. அழப் போனவர் அப்படியே நின்றார். வளையத்தின் ஓரத்தில், சந்தனம் இருந்த இடத்தில், எள்ளளவில் ஒரு மீன் இருந்தது. வாலும் கண்ணும் தெரிகிற மாதிரி அழகாக அடித்த மீன்.

மீன் முத்திரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனாலேயே இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜெர்மனியில் எந்தெந்த ஊர்ச் சின்னத்தில் மீன் இருக்கிறது என்று தேடினார். அசல் சிலுவைக்கு நடுவில் இரும்பு இருக்க வேண்டுமாம், காந்தம் ஒட்டுமாம். எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த தக்காளி பொம்மைக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் கூட்டத்தில் ஒருவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். கப்பலில் திசைகாட்டி முள் ஆடிவிடக் கூடாது என்று கடற்படைக்காரர்களுக்கு மட்டும் இரும்பில்லாமல் செய்ததாக ஒரு பேச்சு உண்டாம்.

"இரும்பு இல்ல. மீன் இருக்கு. கடற்படைதான்! மதராஸ்ல குண்டு போட்டானே எம்டன் கப்பல், அதுலருந்து ஒருத்தன் குருசுக்குப்பம் கரைக்கு வந்திருக்கணும்" என்றார்.

"வந்து பதக்கத்தக் குடுத்துட்டு, சாப்ட்டுட்டு, திரும்பி நீந்திப் போயிட்டானா? எம்டன்னா அது உங்க அக்காதான். வேற எம்டன் யாரும் அந்தக் கரையில இல்ல" என்றேன்.

தீபாவளிக்கு முன்னால் வெள்ளிச் சாமான்களை இறக்கி விபூதி போட்டுத் துலக்குவது எனக்கு வழக்கம். குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், சின்னத் தட்டு எல்லாம் முடித்துக் கடைசியாகப் பாலாடையை எடுத்தேன். குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை. என் மாமனார் வீட்டுச் சொத்து. என் பிள்ளைகள் அதில் குடித்தார்கள், அதற்கு முன்னால் இவரும் இவர் அக்காவும் குடித்தார்கள். கூடவே இருந்தால் வியாதி ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும், நானும் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மீன். அதே வால், அதே கண்.

ஈரக்கையோடு போய் இவர் முன்னால் வைத்தேன். "உங்க ஜெர்மன் கடற்படை. நீங்களே இதுல பால் குடிச்சி வளந்தவருதான்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாலாடையையும் பதக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ரெண்டையும் இந்த ஊர் நகைப் பத்தர் யாரோ செஞ்சிருக்காரு" என்றார். "போருக்குப் போன எவனோ ஒருத்தன் நெஜமான ஜெர்மன் சிலுவை ஒண்ண எடுத்துனு வந்திருப்பான். அத்தப் பாத்து அச்சு எடுத்திருக்காரு. தாத்தாவுக்குப் பதக்கமே வரல. அதான் இங்கயே செஞ்சிக்கினாரு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் போனது நிஜம். பனியும் நிஜம், அந்த விரல்களும் நிஜம். விரல் போன காலோடு கப்பலிலிருந்து இறங்கி, தெருவில் நாலு பேர் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டபோது அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார்? பதக்கம் எப்படி இருக்கும் என்று பத்தருக்கும் தெரியாது. பார்த்துச் செய்யக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் எதிரியுடையது. கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாததால் பாலாடையை இன்னொரு முறை துலக்கினேன்.

இவர் பொய் சொல்லத் தெரியாதவர். மீட்டரில் ஒரு எண்ணைக்கூட யாருக்காகவும் மாற்றிப் படிக்காதவர். "அந்தத் தொரை கண்டுபிடிச்சா எல்லார் முன்னாடியும் அக்காவ எழுப்பி விட்டுடுவாங்க. முன்னாடியே சொல்லிடறேன், வீட்லயே இருந்துக்கட்டும்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அண்ணி பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்தாராம். ஜெர்மன்காரனைப் பதுங்குகுழியில் தாத்தா எப்படி மடக்கினார் என்று நின்று நடித்துக் காட்டினாராம், விளக்குமாறைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு.

"சொன்னீங்களா?"

"காபி குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

நவம்பர் பதினொன்று விடிந்தபோது தூறல். இவர் குளிக்கப் போனார். நான் சந்தனக் கட்டையை எடுத்துக் கல்லில் இழைத்தேன். எதற்காக இழைக்கிறேன் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பொம்பளைக்காக இப்படிக் கை வலிக்க வேண்டுமா என்று தோன்றியிருக்கும். கெட்டியாக எடுத்து, மீன் இருந்த இடத்தில் அப்பி, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்தேன்.

கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் ஒழுகியது. அண்ணி தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதக்கத்தை நானே அவர் மாராப்பில் குத்திவிட்டேன். அவர் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் இவரும் நாற்காலிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.

பாரீஸ் துரை வரிசையின் முனையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி. இவரிடம் இருக்கிற அதே மாதிரி. அண்ணியிடம் வந்து, "போன்ழூர், மதாம்" என்றார். சிலுவையைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. அண்ணி ஊக்கைக் கழற்றிக் கொடுக்க, கையில் வாங்கிய உடனே திருப்பினார். அந்த ஜாதியே அப்படித்தான். மஞ்சளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

கேட்டது புரியாமலே அண்ணி பதுங்குகுழிக் கதையை ஆரம்பித்துவிட்டார். கையால் துப்பாக்கி பிடித்தார், ஜெர்மன்காரன் கழுத்தை நெரித்தார், சட்டையிலிருந்து பிய்த்தார். துரை இவர் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் மொழிபெயர்க்க வேண்டியது இவர் பொறுப்பு. இவர் தன் ஓட்டை பிரெஞ்சில் இரண்டே வாக்கியம் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'எங்கள் தாத்தா உங்கள் போருக்குப் போனார். கால் விரல் இரண்டு இல்லாமல் திரும்பி வந்தார்.'

துரை தலையைத் தாழ்த்தினார். பிறகு மஞ்சளைக் காட்டி, கைக்குட்டையை எடுத்து, துடைத்துப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார்.

இவர் ஒரு அடி முன்னால் வந்தார். "அது சந்தனம். எங்கள் வீட்டில் மரியாதைக்கு வைப்பது" என்றார். "பழைய பதக்கத்தைத் துடைக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாததா?"

துரை நெருப்பைத் தொட்டவர் போல் கைக்குட்டையை உள்ளே வைத்தார். துடைக்கவே கூடாது, ரொம்பச் சரி, ரொம்பச் சரி என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் எடுத்து, பதக்கத்தை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தார். "மெர்சி, மதாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அடுத்த நாற்காலியில் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். அவர் கோட்டில் கறுப்புச் சிலுவை. வெள்ளிக் கரை, மேலே கிரீடம். வளையத்தில் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது. அவரைத் தாண்டிக் குடையைச் சாய்த்துப் பார்த்தேன். அதற்கடுத்த அம்மாளின் புடவையிலும் ஒரு கறுப்புச் சிலுவை, அதிலும் சந்தனம். என் வீட்டுக்காரர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த பூதக்கண்ணாடிக்குப் போனது. நான் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. அண்ணியை எழுப்பிவிடக் கை கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து எழுந்தார், எழுந்தும் விடவில்லை. கண் முன்னால் இருந்த கொடியைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்து பேசினார்.

"நல்லா வெச்சிருக்கம்மா. எங்கப்பா மீன மறைக்க இவ்ளோ கெட்டியா வெச்சதில்ல."